பெட்டிக்குள் சுழலும் காது

ஸ்கேன் ஓடும்போது அறைக்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இது கண்டிப்பு. இறந்தவர்களிடமிருந்து தானமாக வந்த காதெலும்பை ஈயப் பெட்டிக்குள் சுழல்மேடையில் ஒட்டி, மெல்லச் சுழலவிட்டு, எக்ஸ்ரேயால் எல்லாப் பக்கமும் படம் எடுப்போம். கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து உள்காதை முழு உருவமாகக் காட்டும். பேச்சின் அதிர்வில் எலும்பு இம்மி அசைந்தாலும் படம் கலங்கிவிடும்.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. அன்று காலை வந்த எலும்பை ஒட்டும்போதே, “சமத்தா அசையாம இருங்க, என்ன?” என்றேன். ஸ்கேன் ஓட ஆரம்பித்த பிறகும் புலம்பினேன். ஜுரத்தில் காது கேட்காமல் போன என் மகளைப் பற்றித்தான். வேறென்ன இருக்கிறது எனக்குப் புலம்ப?

படம் வந்தது. நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட உள்காது முழுக்கக் கலங்கியிருந்தது.

படத்தைப் பார்க்க வந்த டாக்டரம்மா முறைத்தார். “பேசினியா?”

“கொஞ்சமா மேடம்...”

“வாயை வெச்சுக்கிட்டு சும்மாவே இருக்க மாட்டியா? திரும்ப எடு.” கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் மனசுக்கு யார் பூட்டுப் போடுவது? ‘நீங்க யாரோ எவரோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என் பொண்ணுக்குக் கேக்கட்டும்’ என்று உள்ளுக்குள்ளேயே கெஞ்சினேன்.

மோட்டாரின் முனகல் சட்டென்று நின்றது.

பெட்டிக்குள் இருக்கும் கேமராவில் பார்த்தேன். சுழல்மேடை நின்றிருந்தது.

எலும்பு மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.

பசை போட்டு ஒட்டிய எலும்பு. காதுத் துளை என் நாற்காலிப் பக்கம் வந்ததும், நின்றது.

யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தலையைச் சாய்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

“அம்மா, எனக்குக் கேக்குது!”

கட்டிக்கொண்டு அழுதேன். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! அவள் முகத்தைப் பிடித்து, “அம்மா பேசறது கேக்குதா கண்ணு?” என்றேன்.

என் உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். இல்லையென்று தலையாட்டினாள்.

“உன் குரல் இல்லம்மா. வேற யாரோ. நீ கேட்டேன்னுதான் வந்தாங்களாம்.”

சிரிப்பு மெல்ல வடிந்தது. இரண்டு கையாலும் காதை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

“பொத்தினாலும் கேக்குதும்மா. நிறுத்தச் சொல்லும்மா.”