கேக்கில் பூண்டு வாசனை

மே மாதம் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்குப் பெரியம்மாவின் ஆறு கோழிகளும் மின்னலின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன. பெரியம்மாவுக்கு முந்தின வாரம்தான் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. ஒரு மாதத்துக்குக் குனியக் கூடாது, தூசியின் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோழிக்கூண்டுக்குள் குனியாமல் நுழையவும் முடியாது. தூசி படாமல் வெளியே வரவும் முடியாது.

மின்னல் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். வயது பதினொன்று. ஒரு வேலையை நாம் சொல்லி முடிப்பதற்குள் அவள் செய்து முடித்துவிடுவாள். எப்படிச் செய்தாள் என்று மட்டும் போய்ப் பார்க்கக் கூடாது.

மின்னல் வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் கொல்லைப்புறம் ஒன்றே. பெரியம்மா கறுப்புக் கண்ணாடியுடன் சன்னலோரம் உட்கார்ந்து வேலைகளை வரிசையாகச் சொன்னார்.

"காலையில எழுந்ததும் முதல்ல கூண்டைப் பெருக்கணும். ஈரமான மரத்தூளை வாரிக் கொட்டிட்டு, காஞ்ச தூளைப் பரப்பணும். தண்ணிக் கிண்ணத்தைத் தேய்ச்சுக் கழுவணும். அப்புறம்தான் தீனி. முட்டையைப் பத்திரமா எடுத்து முனைத்தெரு பேக்கரியில கொடுத்துடணும். புரிஞ்சுதா?"

"இவ்வளவுதானா பெரியம்மா? ஊதித் தள்ளிடுவேன்!"

"ஊத வேண்டாம்டி. பெருக்கு, அது போதும்."

முதல் சில நாள்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. பிறகு தெருவில் பிள்ளைகளின் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. காலை வெயில் ஏறுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். கூண்டைப் பெருக்கி முடிப்பதற்குள்ளோ காலையே முடிந்துவிடும். எச்சம் ஒட்டிய தூளைச் சுரண்டினால் முதுகு வலித்தது, மூக்கும் சுருங்கியது.

மின்னலுக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. பழைய தூளை அள்ளாமல், அதன்மேல் இரண்டு கை புதுத்தூளைத் தூவினாள். மேலே பார்த்தால் கூண்டு புத்தம் புதிதாக இருந்தது. கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் வரப்போவதில்லை.

யாரும் என்றால், அவளுடைய ஏழு வயதுத் தம்பியைத் தவிர. எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர்.

"அக்கா, நீ பெருக்கவே இல்லையே?"

"புதுத்தூள் போட்டிருக்கேன், கண்ணு தெரியலையா?"

"அப்ப பழைய தூள் எங்கே போச்சு?"

"அது... கீழே போச்சு."

"கீழேன்னா எங்கே?"

"வக்கீல் சார், வாயை மூடிட்டுப் போறீங்களா?"

இப்படியே நாள்தோறும் ஓர் அடுக்கு ஏறியது. கூண்டின் தரை மெத்தைபோல உயர்ந்தது. கதவைத் திறந்தாலே கண்ணை எரிக்கும் நெடி வந்தது. கோழிகள் காலால் கிளறியபோதெல்லாம் தூசி புகையாக எழுந்தது.

ஒரு நாள் காலையில் ஆறு கோழிகளிலும் மூத்தது, நடையிலும் மிடுக்கிலும் மகாராணி என்று பெயர் வாங்கியது, கழுத்தை நீட்டி "இச்க்!" என்று தும்மியது. அதைப் பார்த்து இன்னொன்று தும்மியது.

சன்னலிலிருந்து குரல் வந்தது. "என்னடி, என் மகாராணியா தும்முறா?"

மின்னல் கூண்டுக் கதவைச் சாத்தினாள். "ஆமா பெரியம்மா. சளி பிடிச்சிருக்கும் போல."

"ஐயோ பாவம். சமையலறையில பூண்டு இருக்குமே, ஒரே ஒரு பல்லைத் தட்டி, குடிக்கிற தண்ணியில போடு. ஒண்ணு போதும். கூண்டைச் சுத்தமாத்தானே வெச்சிருக்கே?"

"வெச்சிருக்கேன் பெரியம்மா."

அந்தப் பொய் அவள் நாக்கிலிருந்து வெகு சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தது.

துடைப்பத்தை எடுத்தால் அரை நாள் வேலை. பூண்டை எடுத்தால் அரை நொடி வேலை. மின்னல் பூண்டை எடுத்தாள். ஒரு பல்லுக்குத் தும்மல் நிற்கவில்லை. மறுநாள் ஒரு முழுப் பூண்டை நசுக்கித் தண்ணீரில் கலந்தாள். அதற்கும் நிற்கவில்லை. தீனியிலும் பிசைந்து வைத்தாள். கோழிகள் பசிக்குத் தின்றன, தின்றுவிட்டுத் தும்மின.

"இந்த வீட்டுல பூண்டை யாருதான் தின்னு தீர்க்குறீங்க?" என்று அம்மா காலிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். மின்னல் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் விரல்களிலிருந்து அந்த வாடை போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் முட்டைக் கூடையுடன் பேக்கரியின் பின்வாசலுக்குப் போனபோது, உள்ளே பேக்கரிக்காரரின் குரல் அடுப்பைவிடச் சூடாக இருந்தது.

"பிறந்தநாள் கேக்கைத் திருப்பி அனுப்பியிருக்காங்க! ஒரு வாய் வெச்சதும் அந்தக் குழந்தை துப்பிடுச்சாம். கேக்குல பூண்டு வாசனை! என் ஆயுசுல இப்படி ஒரு பேச்சு கேட்டதில்ல."

எதிரே, மாவு படிந்த மேலங்கியுடன் கேக் அக்கா நின்றாள். கேக்குகளின்மேல் பூக்களும் இலைகளும் வரைகிற அவளைத் தெருப்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் அழைப்பார்கள்.

"நான் பூண்டைத் தொடவே இல்லண்ணே."

"பூண்டு பன்னுக்கு நறுக்கின கத்தியையே கேக்குக்கும் எடுத்திருப்பே."

"இல்லண்ணே. அந்தக் கத்தி வேற, இந்தக் கத்தி வேற. நான் மாத்தவே மாட்டேன்."

"அப்ப பூண்டு என்ன, கால் முளைச்சு நடந்து வந்து கேக்குக்குள்ள குதிச்சுதா? இனிமே நீ கேக் மேசைப் பக்கம் வர வேண்டாம். தட்டு கழுவு, போதும்."

கேக் அக்கா கையிலிருந்த கிரீம் பையை மெதுவாக மேசைமேல் வைத்தாள். அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன.

மின்னல் தன் கூடையைப் பார்த்தாள். முட்டைகள் வெள்ளை வெளேரென்று, ஒரு பாவமும் அறியாதவைபோலப் படுத்திருந்தன. அவளுக்குக் காதுமடல் சூடேறியது. கூடையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

வீட்டுக்கு வந்ததும் அன்று காலை எடுத்து வைத்திருந்த முட்டை ஒன்றையும், கடையில் வாங்கிய முட்டை ஒன்றையும் வேகவைத்தாள். உரித்துத் தம்பியிடம் நீட்டினாள். கடை முட்டையை அவன் மறுபேச்சில்லாமல் விழுங்கினான். மற்றதைக் கடித்தவன் முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, இந்த முட்டை பூண்டு தின்னிருக்கு."

"முட்டை எப்படிடா தின்னும்?"

"அப்ப அதோட அம்மா தின்னிருக்கும்," என்றான் வக்கீல்.

மின்னல் சிரிக்கவில்லை. மிச்ச முட்டையைக் கிண்ணத்தில் போட்டு மூடிக்கொண்டு மறுபடி பேக்கரிக்கு நடந்தாள். ஓடி வந்த தெருதான்; நடக்கும்போது இருமடங்கு நீளமாக இருந்தது.

"மாமா, இதைச் சாப்பிட்டுப் பாருங்க," என்று கிண்ணத்தை நீட்டினாள்.

பேக்கரிக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். புருவம் மேலே போனது.

"கேக் அக்கா மேல தப்பே இல்ல மாமா. கோழிங்களுக்குச் சளி. நான்தான் தினமும் பூண்டு கொடுத்தேன், நிறைய. அந்த வாசனைதான் முட்டையில வந்திருக்கு."

திட்டு விழும் என்று கண்களை இறுக மூடிக்கொண்டாள். விழுந்தது சிரிப்புச் சத்தம்.

"அடடே! பூண்டுக்குக் கால் முளைக்கலே, இறக்கை முளைச்சிருக்கு!" பேக்கரிக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு உள்ளே திரும்பி, "இந்தாம்மா, நான் அவசரப்பட்டுப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே. மேசை உன்னோடதுதான்," என்றார். வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பி, "பாருங்க, இந்த வயசுல கோழிங்க மேல என்ன அக்கறை! இது குட்டிக் கோழி டாக்டர்!" என்று அறிவித்தார்.

எல்லாரும் மின்னலைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒருவர் அவள் தலையைத் தடவினார். திட்டியிருந்தால் அழுதுவிட்டு முடித்திருக்கலாம். பாராட்டை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அது முதுகில் ஒட்டிய சேறுபோலக் கூடவே வந்தது.

செய்தி அவளுக்கு முன்பே பெரியம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"வாடி என் தங்கமே!" பெரியம்மா இரண்டு கைகளையும் நீட்டினார். "கொஞ்சம் அதிகமாப் போட்டுட்டே, சரி. ஆனா பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டிருக்கே. மகாராணி இனிமே உனக்குத்தான். எடுத்துக்கோ. அவளோட மனசு உனக்குத்தான் புரியுது."

உள்ளே வந்து காலடியில் நின்ற மகாராணியை மின்னல் கையில் தூக்கிக்கொண்டாள். இறகுகளுக்குள் அதன் உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. அது மின்னலை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "இச்க்!" என்று தும்மியது.

"இன்னும் விடலியா பாவம்? இதுக்கு மேல சமையலறை வைத்தியம் சரிப்படாது. நாளைக்குக் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டுடலாம்," என்றார் பெரியம்மா.

மகாராணி மறுபடி தும்மியது. அதன் நெஞ்சு மின்னலின் கைக்குள் அதிர்ந்தது.

"வேண்டாம் பெரியம்மா."

"ஏன்டி?"

"இது சளி இல்ல." குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் கூண்டைப் பெருக்கவே இல்ல. பழைய தூளுக்கு மேலேயே புதுத்தூளைத் தூவிட்டேன். நெடி, தூசி, எல்லாம் உள்ளேயே இருக்கு. அதான் தும்முதுங்க. பெருக்குறதுக்குச் சோம்பல்பட்டுத்தான் பூண்டு போட்டேன். சுத்தமா இருக்குன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

சன்னல் கம்பியில் ஓர் ஈ ரீங்கரித்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பெரியம்மா எங்கே பார்க்கிறார் என்று தெரியாதது மின்னலுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

பிறகு பெரியம்மா எழுந்தார். கொடியிலிருந்த துணியை எடுத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார்.

"பெரியம்மா, எங்கே போறீங்க?"

"கூண்டைப் பெருக்க."

"கண்ணுல தூசி பட்டா என்ன ஆகும்! டாக்டர் குனியக் கூடாதுன்னாரே!"

"கோழிங்க மூச்சு விடணுமே."

மின்னல் ஓடிப்போய்க் கொல்லைக் கதவில் குறுக்கே நின்றாள். கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது. "நீங்க உக்காருங்க. நான் செய்யறேன். இப்பவே. அடித்தரை தெரியுற வரைக்கும்."

பெரியம்மா நின்றார். பிறகு மூக்கிலிருந்த துணியை அவிழ்த்து, அதை மின்னலின் முகத்தில் இறுக்கிக் கட்டிவிட்டார்.

கோழிகளை வெளியே திறந்துவிட்டு, மின்னல் மண்வெட்டியுடன் கூண்டுக்குள் குனிந்து நுழைந்தாள். மேலடுக்கு உதிர்ந்து வந்தது. அதற்குக் கீழே ஈரம். அதற்கும் கீழே கட்டி. ஒவ்வோர் அடுக்கிலும் அவள் விளையாடப் போன ஒரு காலை கிடந்தது. கூடை கூடையாக அள்ளி, கொல்லை மூலையில் உரக்குழியில் கொட்டினாள். வேலியருகே சைக்கிள் கூட்டாளிகள் வந்து மணியடித்தார்கள்.

"ஏய் மின்னல், என்ன இப்படி நாறுது?"

"நான் வாராம விட்டது," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தம்பி மட்டும் தண்ணீர் வாளியைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, கீழே போன தூள் இதுதானா?"

"இதுதான் வக்கீல் சார்."

"இவ்வளவா?" என்றான் அவன், உண்மையான வியப்புடன்.

மாலையில் கூண்டு காய்ந்து, சன்னமாகப் பரப்பிய புதுத்தூளின்மேல் கோழிகள் ஒவ்வொன்றாக ஏறின. அன்றும் தும்மல் கேட்டது. மறுநாள் குறைந்தது. அதற்கும் மறுநாள் மகாராணி மட்டும், கேட்பவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, ஒரு முறை தும்மியது. பிறகு அதுவும் விட்டுவிட்டது.

மின்னலுக்கு இன்னோர் இடம் பாக்கி இருந்தது. பேக்கரியின் பின்வாசலில் நின்று, மீதிப் பாதியையும் சொன்னாள். பேக்கரிக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. "ஓ," என்றார். டாக்டர் பட்டம் அந்த ஓர் எழுத்தில் பறிபோனது.

கேக் அக்கா கிரீமில் ஓர் இலையை வரைந்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு நீ வாசல்ல நின்னதைப் பார்த்தேன். கூடையை வெச்சுட்டு ஓடினதையும் பார்த்தேன். உனக்கு ஏதோ தெரியும்னு அப்பவே நினைச்சேன்."

மின்னலுக்குத் தரை பிளந்தால் போதும் என்று இருந்தது. "ஏன் அக்கா யார்கிட்டயும் சொல்லலே?"

"நீ திரும்பி வருவியோ மாட்டியோன்னு பார்த்துட்டிருந்தேன்," என்றாள் கேக் அக்கா. "வந்துட்டே. ஆனா அந்த ஒரு மணி நேரம் நான் தட்டு கழுவிட்டுத்தான் இருந்தேன், ஞாபகம் வெச்சுக்கோ."

"மன்னிச்சுடுங்க அக்கா."

"சரி, கொஞ்சம் தள்ளி நில்லு. கேக்கு மேல கண்ணீர் விழுந்தா, உப்புக் கேக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

அன்று மாலை சன்னலோரத்தில், பெரியம்மாவும் மின்னலும் பேசி முடிவு செய்தார்கள். பூண்டு வாசனை முழுவதும் போகிறவரை பேக்கரிக்கு முட்டை கொடுப்பதில்லை. அதுவரை கிடைக்கிற முட்டைகளை இரண்டு வீட்டாரும் முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும். உண்மையிலேயே சளி பிடித்தால் பூண்டு ஒரு பல், அதுவும் பெரியம்மாவைக் கேட்ட பிறகு. பரிசாகக் கிடைத்த மகாராணியை மின்னல் திருப்பிக் கொடுத்தாள். பெரியம்மா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். கண் முழுதும் குணமான பிறகும் துடைப்பத்தைப் பெரியம்மா கேட்கப்போவதில்லை, மின்னல் கொடுக்கப்போவதுமில்லை. ஆறு கோழிகளும் பெரியம்மாவுடையவை, கூண்டு மின்னலுடையது.