சிவப்பு நட்சத்திரப் பெட்டி

பட்டாணிக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் அண்ணன். வகுப்பிலேயே குட்டியாக இருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்பான். அவன் அதே பள்ளியில் அவளைவிட மூன்று வகுப்பு மேலே படித்தான். அதனால் அந்தப் பெயர் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை டீச்சர் உள்ளே வந்ததும் சொன்னார்.

"வர்ற வெள்ளிக்கிழமை கடைசி வகுப்புல பாடம் கிடையாது."

வகுப்பே குதித்தது.

"அதுக்குப் பதிலா ஒவ்வொருத்தரும் முன்னாடி வந்து உங்க பொழுதுபோக்கு என்னன்னு செஞ்சு காட்டணும்."

மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் குதித்தார்கள். பட்டாணி மட்டும் உட்கார்ந்துவிட்டாள்.

இடைவேளையில் எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள். வகுப்பிலேயே உயரமான நெட்டை முதலில் ஆரம்பித்தான்.

"எனக்கு மேஜிக். சீட்டுக்கட்டு மேஜிக்னா எனக்குத் தண்ணிபட்ட பாடு."

"நான் மௌத் ஆர்கன் வாசிப்பேன். சின்ன வயசுல இருந்தே," என்றாள் முந்திரிக்கொட்டை. டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

கண்ணாடி போட்ட பையன் ஒருவன் இருந்தான். அவனை எல்லாரும் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பட்டாணி, உனக்கு?" என்றான் நெட்டை.

"எனக்கா? ஸ்கூல் விட்டதும் வீட்டுக்குப் போவேன்."

"அப்புறம்?"

"ஜன்னல்கிட்ட உட்காருவேன்."

"அப்புறம்?"

"அம்மா கூப்பிடுவாங்க. எழுந்து போவேன்."

நெட்டை சிரித்தான். "என்ன நீ, இப்படி உப்புச்சப்பில்லாம இருக்கே."

அவன் அதை விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் பட்டாணிக்கு அன்று முழுக்க அதே நினைப்பு. ஜன்னல் ஓரம் அவளுக்கு மிகவும் பிடித்த இடம். அதைச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நேராகக் கட்டிலுக்கு அடியில் நுழைந்து ஒரு பெரிய பெட்டியை வெளியே இழுத்தாள்.

அது அண்ணனுடைய பெட்டி. அண்ணனுக்கு அடிக்கடி ஏதாவது ஒன்றின் மேல் பைத்தியம் பிடிக்கும். ஒரு மாதம் மேஜிக், அடுத்த மாதம் மௌத் ஆர்கன், அதற்கடுத்த மாதம் பறவைகள். எதை வாங்கினாலும் முதல் வேலையாக அம்மாவின் நகப்பூச்சை எடுத்து அதில் ஒரு சிவப்பு நட்சத்திரம் வரைந்துவிடுவான். தான் பெரிய ஆள் ஆனதும் அந்தப் பொருள் அவனுடையது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டுமாம். கொஞ்ச நாளில் நட்சத்திரத்தோடு அது பெட்டிக்குள் போய்விடும்.

"ஏதாவது ஒண்ணை எடுத்துப் பழகிக்கலாம்," என்று பட்டாணி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மௌத் ஆர்கனை எடுத்து ஊதிப் பார்த்தாள்.

அப்போது வாசல் மணி அடித்தது. வெளியே முந்திரிக்கொட்டை நின்றாள்.

"உங்க அண்ணன்கிட்ட மௌத் ஆர்கன் இருக்குல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சின்ன வயசுல இருந்தே வாசிக்கிறேன்னு சொன்னியே?"

"வாய் தவறி வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதே, ப்ளீஸ்."

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பட்டாணி மௌத் ஆர்கனைத் தன் பாவாடையில் துடைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் நெட்டை வந்தான். குனிந்து, அவளைவிடக் குட்டியாகத் தெரிய முயற்சி செய்தபடி சீட்டுக்கட்டு கேட்டான். அதன் பிறகு தூக்கிப் போட்டுப் பிடிக்கும் பந்துகள் போயின. கம்பளி பின்னும் ஊசிகள் போயின. எல்லாரும் போகும்போது ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்," என்று பட்டாணியும் எல்லாருக்கும் சொன்னாள்.

வியாழக்கிழமை பெட்டியில் பைனாகுலர் மட்டும்தான் இருந்தது. அதை அவள் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கண்ணாடி வந்தான். வந்தவன் எதையும் கேட்கவில்லை. செருப்பைப் பார்த்தபடி நின்றான்.

"நாளைக்கு எனக்குக் காய்ச்சல்னு டீச்சர்கிட்ட சொல்லிடுறியா?" என்றான் கடைசியில்.

"காய்ச்சலா இருக்கு?"

"இல்ல. என்கிட்ட காட்ட ஒண்ணும் இல்ல."

அவன் சொன்னது அப்படியே திங்கட்கிழமை பட்டாணி இருந்த நிலைமை. உள்ளே போய்ப் பைனாகுலரை எடுத்து வந்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனிடம் நீட்டினாள்.

"அப்போ உனக்கு?"

"எனக்கு வேற இருக்கு," என்று பொய் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலில் நெட்டை எழுந்தான். கட்டை விரலால் நட்சத்திரத்தை மறைத்தபடி சீட்டுக்கட்டை நீட்டினான்.

"ஒரு சீட்டு எடுங்க டீச்சர். அது என்னன்னு நான் சொல்றேன். ராஜா?"

"இல்லப்பா."

"ராணி?"

"இல்ல."

அவன் விடவில்லை. சீட்டுக்கட்டில் இருக்கும் சீட்டெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒருவழியாக டீச்சர் தலையாட்டியதும், "பார்த்தீங்களா, கண்டுபிடிச்சுட்டேன்," என்று சொல்லிப் போய் உட்கார்ந்தான்.

முந்திரிக்கொட்டை மௌத் ஆர்கனை ஊதினாள். பூட்டிய அறையில் பூனை மாட்டிக்கொண்ட மாதிரி சத்தம் வந்தது.

"இது என்ன பாட்டும்மா?"

"புதுப் பாட்டு டீச்சர். இன்னும் வெளியே வரலை."

பந்துகளும் ஊசிகளும் முடிந்து, கண்ணாடியின் முறை வந்தது. அவன் பைனாகுலரை மார்போடு அணைத்தபடி முன்னால் வந்தான். ஆனால் பேச ஆரம்பித்ததும் பிடி தளர்ந்தது.

"எங்க எதிர் வீட்டுத் தண்ணித்தொட்டி மேல ஒரு புறா கூடு கட்டியிருக்கு. ரெண்டு குஞ்சு. ஒண்ணு எப்பவும் இன்னொண்ணோட தலை மேல ஏறி நிக்குது. கீழே இருக்கிறது அதுக்குக் கோவிச்சுக்கவே இல்ல."

வகுப்பே காது கொடுத்துக் கேட்டது. டீச்சர் மட்டும் பைனாகுலரைக் கூர்ந்து பார்த்தார்.

"இதுலயும் சிவப்பு நட்சத்திரமா? பந்துல இருந்துச்சு, ஊசியில இருந்துச்சு. எல்லாரும் ஒரே கடையில வாங்கினீங்களா?"

விரல்கள் அவசரமாக நட்சத்திரங்களை மறைத்தன.

"சரி. பட்டாணி, நீ வா. என்ன கொண்டு வந்திருக்கே?"

பட்டாணி வெறுங்கையோடு போய் நின்றாள். உண்மை அவள் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. 'இந்த வகுப்புல இருக்கிறதெல்லாம் எங்க வீட்டுப் பெட்டியில இருந்ததுதான் டீச்சர்' என்று சொல்லிவிட்டால் போதும். முந்திரிக்கொட்டையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பட்டாணி உண்மையை விழுங்கிவிட்டாள்.

"ஒண்ணும் கொண்டு வரலை டீச்சர். எனக்குப் பொழுதுபோக்கு எதுவும் இல்ல."

அழுகை வந்துவிடும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவருகே ஒரு குரல் கேட்டது.

"டீச்சர், எங்க வகுப்புல சாக்பீஸ் தீர்ந்துடுச்சு. ரெண்டு குடுப்பீங்களா?"

அண்ணன். அவன் கண்கள் வகுப்பைச் சுற்றி வந்தன. வாய் மெல்லத் திறந்தது.

"அது என் சீட்டுக்கட்டு. அது என் மௌத் ஆர்கன். என் பந்து. என் ஊசி. இதெல்லாம் இங்க எப்படி வந்துச்சு?"

டீச்சர் எல்லாரையும் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான்தான் எடுத்துட்டு வந்தேன்," என்றாள் பட்டாணி.

"எல்லாத்தையுமா?"

"ஆமா டீச்சர்."

"அப்போ அவங்க கையில இருக்கே?"

"கொஞ்சம் பிடிச்சுக்கச் சொன்னேன்."

கண்ணாடி எழுந்து நின்றான். "இல்ல டீச்சர். பட்டாணிகிட்ட இருந்ததே இது ஒண்ணுதான். அதையும் எனக்குக் குடுத்துட்டா."

இன்னொருவன் முதலில் சொன்னதை முந்திரிக்கொட்டையால் தாங்க முடியவில்லை. "டீச்சர், நான்தான் முதல்ல வாங்கினேன். திங்கட்கிழமையே."

பிறகு நெட்டை எழுந்தான். பந்துகள் எழுந்தன. ஊசிகள் எழுந்தன. டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நெட்டைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "உங்க பொழுதுபோக்கு என்ன டீச்சர்?"

டீச்சர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார்.

"தூங்குறது," என்றார்.

"செஞ்சு காட்டணும் டீச்சர்," என்று வகுப்பே கத்தியது.

டீச்சர் மேஜையில் தலை வைத்துக் கண்ணை மூடினார். மிக நன்றாகவே செய்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அண்ணன் கண்ணாடியின் பக்கத்தில் வந்து நின்றான். "இதுல நிஜமாவே புறாக்குஞ்சு தெரிஞ்சுதா? எனக்கு ஒரே இருட்டாத்தான் தெரிஞ்சுது."

"முன்பக்க மூடியைக் கழட்டினீங்களாண்ணா?"

அண்ணன் வேகமாகக் கதவுப் பக்கம் திரும்பினான். "நீயே வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனான். சாக்பீஸை மறந்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் வாசல் மணி அடித்தது. முந்திரிக்கொட்டையும் நெட்டையும் நின்றார்கள். பின்னால் பைனாகுலரோடு கண்ணாடி.

"எல்லாம் திரும்பப் பெட்டிக்கு வந்துடுச்சு. எது வேணும்?" என்றாள் பட்டாணி.

நெட்டை தலையைச் சொறிந்தான். "எதுவும் வேணாம். அந்த ஜன்னல் சொன்னியே. அங்க உட்கார இடம் இருக்குமா?"

பட்டாணி நகர்ந்து இடம் விட்டாள். நால்வரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தெருவில் ஒரு நாய் தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருந்தது.

"அப்புறம் என்ன பண்ணணும்?" என்றான் நெட்டை.

"ஒண்ணும் பண்ண வேணாம்," என்றாள் பட்டாணி. "அம்மா கூப்பிடுவாங்க. எழுந்து போகணும்."

கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டார். பிறகு இன்னொரு முறை கூப்பிட்டார். நாய் வாலைப் பிடித்துவிடும் போலிருந்ததால், நான்கு பேர் காதிலும் அது விழவில்லை.