நாற்பத்தோராவது நிமிடம்

அப்பா இறந்த பதினோராம் நாள் மத்தியானம் தம்பி பெட்டியோடு வந்து இறங்கினான். வீட்டைக் காலி செய்ய வேண்டும். அடக்கத்துக்குக்கூட வந்து சேர முடியவில்லையே என்ற குமைச்சல் அவன் முகத்தில் அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கஷ்டப்பட்டாராக்கா?"

"இல்லடா. விழுந்த உடனே உயிர் போயிருக்கும்னு டாக்டரே சொன்னார்."

"நீ பக்கத்து ரூம்லதானே இருந்த?"

"ஹெட்போன் போட்டிருந்தேன். வேலை முடிஞ்சு எழுந்து போய்த்தான் பார்த்தேன். ஒண்ணும் கேக்கல."

அதில் பொய் எதுவும் இல்லை என்றுதான் அவளும் நம்பியிருந்தாள், அன்று மூன்று மணி வரை.

காது கேளாதவர்களுக்காகப் படத்தின் அடியில் எழுத்து ஓடுமே, அதை எழுதுவதுதான் அவள் பிழைப்பு. பேச்சை மட்டும் எழுதினால் போதாது, சத்தத்தையும் எழுத வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். கம்பெனிக்காரர்களின் கறாரான விதி ஒன்று உண்டு. ஒரு காட்சியில் ஒரே சொல் இரண்டு முறை வரக்கூடாது. திகில் படம் என்றால் பாதிப் படம் ஏதாவது தொம்மென்று விழுந்துகொண்டேதான் இருக்கும். அதற்கென்றே கனத்த, மந்தமான சத்தங்களின் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தாள். தட், தம்ப், தங்க், பம்ப், க்ளங்க், வம்ப், க்ளம்ப்.

அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பட்டியல் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. முப்பது வருடம் கிடங்கில் மூட்டை இறக்கியவர் அல்லவா, கனத்தைக் காதாலேயே எடை போடுவார். அவள் அர்த்தம் சொல்லச் சொல்ல மேசையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்.

"தட்னா விழுந்ததோட சரி, மூட்டை மாதிரி. தம்ப்னா யாரோ கையால குத்துறான், இன்னும் குத்துவான். க்ளம்ப்னா கனத்த காலால நடக்கிறது. அப்போ அது நான்தான்."

மூட்டை சரிந்து நசுங்கிய வலது காலுக்கு மரக்கட்டை போலக் கனத்த பூட்ஸ் ஒன்று மாட்டியிருப்பார். அவள் ஹெட்போனில் மூழ்கிக் கிடந்தால் அந்தக் காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்து நிற்பார். கூப்பிட மாட்டார். இடது காதுப் பக்கத்தை மட்டும் மெல்லத் தூக்கி, "செவிட்டு மகாராணி, சாப்பாடு ஆறுது" என்பார்.

மூன்று மணிக்கு கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. அவள் எழுதியதைச் சரிபார்க்கும் பெண் அனுப்பியிருந்தாள்.

"மேடம், நாற்பத்தொண்ணாவது நிமிஷத்துலேர்ந்து ஆறு சத்தம் போட்டிருக்கீங்க. அந்த இடத்துல படத்துல சத்தமே கிடையாது. மூடின கதவை மட்டும்தான் காட்டுறாங்க. கொஞ்சம் பாருங்க."

அது அப்பா இறந்த அன்று எழுதிய பகுதி.

ஹெட்போனை மாட்டிப் படத்தை ஓட்டினாள். மூடிய கதவு. நிசப்தம். அடியில் அவள் எழுதியவை மட்டும் ஒவ்வொன்றாக வந்தன.

முதலில் தட்.

அரை நிமிடம் கழித்துத் தம்ப்.

பிறகு தங்க். பம்ப். க்ளங்க்.

நாற்பத்தாறாவது நிமிடத்தில், கடைசியாக, வம்ப்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. படத்தை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே எழுதுவது அவள் கைப்பழக்கம். ஹெட்போனையும் மீறிக் காதுக்கு வந்த அந்தச் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே நினைத்தாள். யாரோ தரையைக் குத்திக் கூப்பிடுவது போல எடுத்திருக்கிறார்களே, ஆள் கெட்டிக்காரன் என்று இயக்குநரை மெச்சினாள். சத்தம் வர வர, சொல் திரும்ப வராமல் பட்டியலிலிருந்து புதிது புதிதாகப் பொறுக்கினாள்.

ஆறாவதும் கிடைத்தபோது சந்தோஷப்பட்டாள்.

ஐந்து நிமிடம். நடுவில் ஒரே ஒரு சுவர்.

"அக்கா," தம்பி வாசலில் வந்து நின்றான். "அப்பாவோட பூட்ஸ் இடது காலோடது மட்டும்தான் இருக்கு. அந்தக் கனமானது எங்க?"

"கட்டிலுக்கு அடியில பாரு."

"பாத்துட்டேன். சரி, அட்டைப்பெட்டி வாங்கிட்டு வந்துடறேன். ஏன் ஒரு மாதிரியா இருக்க?"

இப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"தலைவலி" என்றாள்.

அவன் படியிறங்கியதும் ஆறு வரிகளையும் அழித்தாள். அழித்துவிட்டால் தம்பிக்குத் தெரியப் போவதில்லை. டாக்டர் சொன்னதே உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும். கோப்பை அனுப்பிவைத்தாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"ஆறையும் எடுத்துட்டீங்க, நன்றி மேடம். ஆனா அதே இடத்துல புதுசா ஒண்ணு இருக்கே. க்ளம்ப்னு. அங்கயும் சத்தம் இல்லையே."

அவள் அதை எழுதவில்லை.

கோப்பைத் திறந்தாள். மூடிய கதவின் கீழே அந்தச் சொல் இருந்தது. அழித்தாள்.

அடுத்த நொடியில் இரண்டாக இருந்தது.

க்ளம்ப். க்ளம்ப்.

அழிக்கும் பொத்தானிலிருந்து விரல் தானாக விலகியது. ஹெட்போனுக்குள் நிசப்தம். ஆனால் அவள் உள்ளங்காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் அதிர்ந்தது. அப்பா காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை அறைக்குள் வந்தது.

திரையில் மூன்றாவதும் வந்துவிட்டிருந்தது.

தம்பியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மத்தியான வெயிலில், தெருவுக்கு அந்தப் பக்கம், கடை வாசலில் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றான் தம்பி.

நான்காவது அதிர்வு அவள் நாற்காலிக்கு நேர் பின்னால் வந்து நின்றது.

"அப்பா," என்றாள் மெதுவாக, திரும்பாமல். "எனக்குத் தெரியலப்பா. சத்தியமா படம்னு நெனச்சேன்."



இடது காதுப் பக்கம் மட்டும் மெல்லத் தூக்கப்பட்டது.