மைனஸ் நாலேகால்

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலிலிருந்து பாதத்தை இறக்கியபோது தரை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. நாலு விரல் கீழே போயிருந்தது. எதிர்ச் சுவரில் நின்ற அலமாரி ஒரு சுற்று இளைத்து, ஓரங்கள் பிளேடால் நறுக்கியதுபோலக் கூர்மையாகி, எட்டப் போய் நின்றது. பின்மண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல மெல்லிய வலி. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். அதே பழுப்பு நிற ஃபிரேம். இடது காதுக் கம்பியில் அதே கீறல். லென்ஸ் மட்டும் வேறு. ஓரம் தடித்திருந்தது.

பதினோரு வருடமாகக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பவளுக்கு இதற்குச் சோதனை தேவையில்லை. விரல் வைத்தாலே தெரியும்.

"அக்கா, என் கண்ணாடியை யார் தொட்டது?"

அடுப்படியிலிருந்த அக்கா திரும்பவில்லை. இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள், எட்டு மாதமாக இங்கேதான் இருக்கிறாள். "நீதானேடி லென்ஸ் மாத்திட்டேன்னு சொன்ன. இப்பதான் சரியா தெரியுதுன்னு குதிச்ச."

"எப்ப?"

"நேத்து."

நேற்று. அவளுக்கு நேற்று என்ற ஒன்று இல்லை. சனிக்கிழமை மதியம் கடையில் டீ குடித்தது நினைவிருக்கிறது. டம்ளரின் விளிம்பில் ஒரு விரிசல் இருந்தது. அதற்கடுத்து திங்கட்கிழமை காலை, தரை நாலு விரல் கீழே.

இது முதல்முறை இல்லை என்பதுதான் அவளை எரிச்சலூட்டியது. இறந்துபோன கணவனின் சட்டைகளைப் போன வாரம் மூட்டை கட்டி வெளியே வைத்தாள். இன்று அலமாரியைத் திறந்தால் ஒன்பதும் துவைத்து இஸ்திரி போட்டு வரிசையாகத் தொங்குகின்றன. மகளின் கணக்கு நோட்டில் அவள் போட்டுக் கொடுத்த வாய்ப்பாட்டின் மேல் யாரோ மகளோடு சேர்ந்து யானை வரைந்திருக்கிறார்கள். அவள் கட்டி வைப்பதை அவள் கையாலேயே ஒருத்தி பிரித்துப் போடுகிறாள். கேட்டால் எல்லோரும் ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள்: நீதானே.

மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா உள்ளே வந்ததும் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். கண்களை, அதுவும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்களை. ஒரு விநாடி அவள் முகம் மலர்ந்தது.

"காலை ஆட்டாம சாப்பிடு."

மலர்ந்தது வாடியது. "சரிங்க டீச்சர்."

இந்தக் கேலியும் சில மாதமாகத்தான். கண்டிப்பானவள் என்பதால் வைத்த பெயர் என்று அவள் நினைத்திருந்தாள். மரியாதையாகப் பேசப் பழகியிருக்கிறாளே என்று உள்ளுக்குள் சின்னப் பெருமைகூட.

கடையின் பின்னறையில் எப்போதும் ஈரமும் சூடும் கலந்திருக்கும். லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும் இயந்திரம் ஓடும்போது அழுகிய முட்டை வாடை எழும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவளுக்கு அது உறைப்பதில்லை. பவர் அளக்கும் கருவியில் கண்ணாடியை வைத்துச் சக்கரத்தைத் திருப்பினாள். பச்சைக் கோடுகள் கலங்கின, நெருங்கின, கூடின. மைனஸ் நாலேகால். இரண்டு கண்ணுக்கும்.

அவளுடையது மைனஸ் இரண்டரை.

முடித்த வேலைகளின் சீட்டுகளைக் கம்பியிலிருந்து உருவினாள். சனிக்கிழமைச் சீட்டுகளில் ஒன்றில் வாடிக்கையாளர் பெயர் இல்லை. எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவளுடைய எழுத்து நிமிர்ந்து நிற்கும். பவர் நாலேகால், ஜோடி இரண்டு. அதன் கீழே மூக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு கண்மணிக்கும் உள்ள தூரம்: வலது முப்பதரை, இடது முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.

இந்த ஊரில் அந்த அளவு ஒரே முகத்துக்குத்தான் உண்டு. சின்ன வயதில் அவளுடைய மூக்குத்தண்டு உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. படியில் விழுந்ததாக வீட்டில் சொல்வார்கள். அக்கா மட்டும் அதைச் சொல்லவே மாட்டாள். பவர் மாறும். எழுத்து மாறும். எலும்பு மாறாது.

சீட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"முதலாளி, சனிக்கிழமை என் மெஷின்ல யாரு உக்காந்தா?"

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பதை நிறுத்தினார். "என்னம்மா கேள்வி இது? நீதான் சாயந்திரம் உக்காந்து தேச்ச. யாருக்குன்னு கேட்டேன். சிரிச்ச."

"நான் சிரிச்சேனா?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு பழைய ஆளா இருந்த. பாட்டுகூட முணுமுணுத்த." அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி துணியை எடுத்தார். "சரி விடு. போய் வேலையைப் பாரு."

பழைய ஆள்.

மனநல மருத்துவரும் அந்த இன்னொருத்தி பக்கம்தான். போன செவ்வாய்க்கிழமை, விலகல் அடையாளக் கோளாறு என்ற நீளமான பெயரைச் சொல்லி, பொறுமையாக விளக்கினார். தாங்க முடியாத ஒன்று சின்னக் குழந்தைக்கு நடக்கிறது, ஓடவும் முடியாது, சொல்லவும் முடியாது. மனம் அதை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிடுகிறது. உள்ளே இருப்பதும் வளர்கிறது. அப்புறம் ஒவ்வொரு பெரிய அடிக்கும் இன்னோர் அறை.

"ஒரே வீட்டுல நாலஞ்சு பேர் குடியிருக்கற மாதிரின்னு வச்சுக்கங்க."

"வாடகை நான் ஒருத்திதான் குடுக்கிறேன் டாக்டர்."

மருத்துவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அவளைக் காலி பண்ணச் சொல்லுங்க. எவ்வளவு நாளாகும்?"

"யாரையும் காலி பண்றதில்லைம்மா. யாரும் யாருக்கும் எதிரி இல்ல. ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கணும். ஒரு நோட்டு வச்சு எழுதிப் பாருங்க."

எழுதினாள். நாலு பக்கம், நிமிர்ந்த எழுத்தில். சட்டைகளைத் தொடாதே. கணக்கு நோட்டில் வரையாதே. வீட்டை நடத்துவது நான், மகளைப் படிக்க வைப்பது நான், நீ வந்து சிரித்துவிட்டுப் போகிறாய். பதில் வரவில்லை. பதிலுக்கு லென்ஸ் வந்திருக்கிறது.

பின்னறைக் கதவைச் சாத்தினாள். ஃபிரேமிலிருந்து நாலேகாலை நெம்பி எடுத்துவிட்டு, தன் பவரில் புது ஜோடி தேய்த்துப் பொருத்தினாள். போட்டுப் பார்த்தாள். தரை மேலே வந்தது. பிறகு அந்தத் தடித்த லென்ஸ்கள் இரண்டையும் ஒவ்வொன்றாக இயந்திரத்தில் கொடுத்தாள். தண்ணீர் சீறியது, வாடை கிளம்பியது, லென்ஸ் நாணய அளவுக்கு வந்தது, அப்புறம் சட்டைப் பொத்தான் அளவுக்கு, அப்புறம் பருப்பளவுக்கு. எட்டு மாதத்தில் முதல்முறையாக மனம் லேசானது.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்த இன்னொருத்தி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்று தோன்றியது.

பழைய சீட்டுகளைக் கடைக்காரர் பிஸ்கட் டின்களில் வருடவாரியாகப் போட்டுப் பரணில் வைத்திருந்தார். முக்காலியில் ஏறி இறக்கினாள். போன வருடத்து டின்னில் ஒன்று கிடைத்தது: வலது முப்பதரை, இடது முப்பத்திரண்டு, மைனஸ் நாலேகால், சாய்ந்த எழுத்து. அதற்கு இரண்டு வருடம் முந்திய டின்னில் இன்னொன்று. நாலு. அதற்கும் முந்தியதில் மூன்றேமுக்கால். பதினோராவது டின்னில், வேலைக்குச் சேர்ந்த மாதத்துச் சீட்டு. சாய்ந்த எழுத்துதான், அவள் பெயரோடு.

தன்னுடைய இரண்டரைச் சீட்டைத் தேடினாள். டின்களைக் கவிழ்த்துத் தேடினாள்.

ஒன்றே ஒன்று இருந்தது. தேதி, எட்டு மாதத்துக்கு முந்தியது; கணவன் விபத்தில் போன மறுவாரம். கடைக்காரரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'பவர் திடீரென இரண்டரைக்கு இறங்கியுள்ளது. மறுபடி சோதிக்கவும்.'

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

தன் திருமணத்தை நினைத்துப் பார்த்தாள். நடந்தது தெரியும். படம் வரவில்லை. மகள் பிறந்தது. தேதி தெரியும், எடை தெரியும். படம் வரவில்லை. பின்னால் போகப்போக எல்லாம் யாரோ சொல்லக் கேட்டதுபோல இருந்தன. தெளிவாக வந்த முதல் படம் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரம். அட்டையில் செருகிய படிவம். நூல் கட்டிய பேனா. "எங்க கையெழுத்து போடணும்?" என்று கேட்ட ஒரு நிதானமான குரல். அது அவளுடைய குரல். அன்று அவள் அழவில்லை என்று எல்லோரும் வியந்தார்கள்.

அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

மூன்றரை மணிக்கே கிளம்பிவிட்டாள். மழை கட்டி நின்ற வானம். தெருமுனையில் வந்த பேருந்தின் எண் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள். பேருந்து கடந்துபோனது, எண் பஞ்சாக. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தேய்த்த லென்ஸ். அளவு பார்த்துப் பொருத்தியது. மருந்துக்கடைப் பலகையின் எழுத்துகள் உப்பின. எதிரே வந்த பெண் தலையாட்டிச் சிரித்தாள் போலிருந்தது. முகமிருக்கும் இடத்தில் வெளிறிய ஒரு தடம்தான். மறுபடி துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். லென்ஸில் அழுக்கில்லை.

நடையை எட்டிப் போட்டாள். மகளைப் பார்க்க வேண்டும். அவள் முகத்தைத் தெளிவாக ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

கதவைத் திறந்தது அக்கா. "என்னடி இவ்வளவு சீக்கிரம்?"

"அக்கா, நான் யாரு?"

கதவைப் பிடித்திருந்த அக்காவின் கை இறங்கியது. "நீ நல்லவதான்டி," என்றாள் கடைசியில். "அந்த நேரத்துல நீ வரலேன்னா இந்தக் குடும்பமே நின்னுருக்காது."

வரலேன்னா.

வாண்டு மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தாள். எப்போதும் அதைத்தான் முதலில் பார்க்கிறாள்.

"என்ன பாக்கற?"

"கண்ணு பெருசா இருக்கு." குழந்தையின் குரலில் ஏமாற்றம். "அம்மாவுக்குச் சின்னதா தெரியும்."

"நான்தான் அம்மா."

வாண்டு மறுக்கவில்லை. விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பவள்போலப் பென்சிலை உருட்டினாள். பிறகு புத்தகப் பையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தாள். காம்பஸுக்கும் ரப்பருக்கும் நடுவே, மடித்துவைத்த ஒரு கண்ணாடி. தடித்த ஓரம்.

ஜோடி இரண்டு.

"அம்மா என்கிட்ட குடுத்து வச்சிருக்கு. நீங்க உடைச்சிடுவீங்களாம்." தன் கவுன் நுனியால் லென்ஸைத் துடைத்தாள், பக்கத்துக்கு ஒருமுறை, பழகிய கையாக. "கொஞ்ச நேரம் போட்டுக்கங்க டீச்சர். எனக்கு அம்மாகிட்ட பேசணும்."

"வேண்டாம்."

"ப்ளீஸ்."

"அக்கா, அவகிட்ட சொல்லு. அக்கா!"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது.

பின்னால் போக நினைத்தாள். கால் நகரவில்லை. மேசை கலங்கியது. யானைப் படம் கலங்கியது. மகளின் முகம். கண் எங்கே, வாய் எங்கே. வெளிறிய தடம். இன்னும் ஒரே ஒரு முறை, தெளிவாக.

இடது கை எழுந்தது. அவள் எழுப்பவில்லை. விரல்கள் காதோரக் கம்பியைத் தொட்டன, மெதுவாக, தூங்குகிறவளை எழுப்பாமல் போர்வையை உருவுவதுபோல. கழற்றின. எங்கேயோ யாரோ ஒரு பாட்டை முணுமுணுத்தார்கள். அவள் தொண்டையில்.

நாற்காலி மேல் ஏறி நின்ற இரண்டு சின்னக் கைகள் அந்த மங்கலுக்குள்ளிருந்து முகத்தை நோக்கி வந்தன. குளிர்ந்த கம்பி காதில் உரசியது. தரை கீழே இறங்கத் தொடங்கியது. நாலு விரல். ஒரு சாண். அதோடு நிற்கவில்லை.