நீரரமகளிர் என்றொரு சொல்

மாதுங்கா கிங் சர்க்கிளில் டிராம் நின்றுவிட்டது. முழங்கால் அளவுக்குத் தண்ணீர். நாற்பத்தாறாம் வருஷத்து மழை அப்படி... பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர் அகிலாண்டம், புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு இறங்கியவள், கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் இடறி இடுப்புவரை மூழ்கினாள். ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றித் தூக்கியது.

நிமிர்ந்தாள். எதிரே ஒரு மூக்குக்கண்ணாடி, முழுக்க மழைத்துளி. அதற்குப் பின்னால் கலங்கிப்போன இரண்டு கண்கள்... அந்தக் கலக்கம் தனக்காக என்று புரிந்தபோது அவளுக்கு என்னவோ செய்தது.

அவன் ஜம்புநாதன். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். என்ன பேசுவதென்று தெரியாமல், தமிழ்ச் சங்கச் சொற்பொழிவில் காதில் விழுந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டான்.

"தண்ணிக்குள்ளேர்ந்து எழுந்தேளா... நீரரமகளிரோன்னு நினைச்சேன்."

"அப்படின்னா என்னன்னு தெரியுமா?" என்று சோதிப்பதுபோல் கேட்டாள்.

"தண்ணிப் பேய்தானே?"

அகிலாண்டத்துக்கு டீச்சர் குரல் தானாக வந்தது. பேயில்லை, நீரில் வாழும் தெய்வப் பெண்கள். குளத்தில் நீராடும் அழகிகளைப் புலவர்கள் அவர்களுக்குத்தான் ஒப்பிடுவார்கள் என்றாள். தெரியாவிட்டால் பேசாமல் இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். டிராமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜம்பு முகம் சிவக்கத் தண்ணீரில் நடந்து போய்விட்டான்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கை கொடுத்தவனைப் பார்த்து நாலு பேர் சிரிக்கும்படி செய்துவிட்டோமே...

மனசு கேட்காமல் பழைய பாடல்களைப் புரட்டினாள். இந்தத் தெய்வப் பெண்கள் அழகிகளாக மட்டும் வரவில்லை. சுனைப்பக்கம் தனியாகப் போகிறவர்களை நடுங்க வைத்தார்கள், பிடித்தால் விடாமல் வருத்தினார்கள். அவன் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது.

அந்தச் சொல் அவன் காதில் தமிழ்ச் சங்கத்தில்தான் விழுந்திருக்கும் என்று அங்கே போய் அடையாளம் சொல்லி விசாரித்தாள். அவன் இப்போதெல்லாம் வருவதில்லை, அப்பா அம்மாவோடு செம்பூருக்குக் குடிபோகப் போகிறான் என்றார்கள்.

சனிக்கிழமை ஆபீஸ் விடும் நேரத்துக்குப் போய், மாதுங்கா ஸ்டேஷனில் அவன் ரயிலிலிருந்து இறங்கும்வரை காத்திருந்தாள். படித்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். டீச்சர் மன்னிப்புக் கேட்கலாமா என்று அவன் வீம்பாகவே நின்றான்.

"நாளைக்கு ஒருத்தர் என்னைப் பெண் பார்க்க வரதா இருந்தது," என்றாள் மெதுவாக. "வரவேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"ஏன்?"

"மனசுல வேற ஒருத்தர் இருக்கார்... அவருக்கு என் மேல கோபம்."

தூறல் வலுத்தது. ஜம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

"கோபம் எனக்கு என் மேலதான்," என்றான். "அன்னிக்கு உங்க கையை விட்டதுலேர்ந்து வேற நினைப்பே இல்லை. எங்கப்பாவை நாளைக்கு உங்காத்துக்கு அழைச்சிண்டு வரட்டுமா?"

அகிலாண்டம் தலை நிமிரவில்லை. ஆனால் அவள் சிரிப்பது தெரிந்தது.

"வாங்கோ... பெண் பார்க்க வரவாளுக்குச் சொஜ்ஜி பண்ணணும்னு அம்மா ரேஷன் ரவையைச் சேர்த்து வெச்சிருக்கா. வீணாக வேண்டாம்."