குழையல் சோறு

மூன்றாவது முறையாகவும் மெத்தை நனைந்திருந்தது. கடற்கரையில் வாடகைக்கு எடுத்திருந்த கேரவன் வீட்டுக்குள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடும் நீள இருக்கையின் கடைசி மூலை மட்டும். மேனுஷா காலையில் ஹேர் ட்ரையர் பிடித்துக் காயவைத்தாள், மத்தியானம் துவாய் விரித்து அமத்தினாள். இப்போது கையை வைத்தால் மறுபடியும் சில்லென்று ஈரம். கூரையில் ஒழுக்கு இல்லை. யன்னல் இறுகப் பூட்டியிருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். உப்பு மணம்.

அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆறு வயது ஜெஸ்ரின் நிமோனியாவில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. பிள்ளைக்குக் கடல் காற்று நல்லது என்று யாரோ சொன்னார்களாம். உடனே யதுசன் லண்டனிலிருந்து இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி, பெப்ரவரி மாதத்தில், இந்த ஈரப் பெட்டிக்குள் கொண்டுவந்து அடைத்துவிட்டான். அடைத்துவிட்டு, லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் தன் கடைக்கு ஃபோனில் கட்டளை போட்டபடி தன்பாட்டில் திரிந்தான். மத்தியானத்திலிருந்து அவள் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே தெரியாது.

பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. சுற்றிவர நாற்பது கேரவன்கள், ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. புல்வெளிக்கு அப்பால் கடல் கூழாங்கற்களை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்துக்குள்ளே வேறொரு சத்தமும், ஈரக் கால்கள் புல்லை மிதித்து, நின்று, மறுபடி மிதித்து வருவதுபோல, கேரவனை நெருங்கிக்கொண்டிருந்தது. நரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். லண்டனில் பார்க்காத நரியா?

அப்போது கரண்ட் போயிற்று.

"கேரவன் பார்க் ஒப்பிசில கேட்டுக்கொண்டு வாறன்," என்றான் யதுசன்.

கதவு திறந்தது, குளிர் உள்ளே வந்தது, கதவு மூடியது.

பிள்ளை பசி கிடக்கக் கூடாது. காஸ் அடுப்பின் நீலச் சுடரில் சட்டியை வைத்து, நேற்றைய சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சூடாக்கினாள். அடுப்பை அணைத்து, மேசைக்குக் கொண்டுவந்து, இருட்டிலேயே குழைத்தாள். அவர்கள் வீட்டில் குழையல் சோற்றுக்குத் தட்டு கிடையாது. சட்டியைச் சுற்றி இருந்து கையை நீட்ட வேண்டியது, அம்மா உருட்டி உருட்டி வைப்பாள். முகம் பார்ப்பதில்லை. நீட்டின கைக்கு உருண்டை.

"பிள்ளை, கையை நீட்டு."

ஜெஸ்ரினின் கை இன்னும் எலும்பாகத்தான் இருந்தது. அதில் ஓர் உருண்டை வைத்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது, குளிர் வந்தது, கதவு மூடியது. அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மூலைப்பக்கமிருந்து பெரிய கையொன்று நீண்டு அவள் விரல்களில் முட்டியது. ஈரம். விறைத்துப்போன குளிர். உள்ளங்கையில் மணல் நெருடியது.

கோபமென்றால் சோறு கொடுக்காமல் விட முடியுமா? உருண்டையை அழுத்தி வைத்தாள்.

"கையைத் துடைச்சுப்போட்டு வரத் தெரியாதோ உங்களுக்கு?"

மெல்லும் சத்தம் மட்டும். கை உடனே திரும்பவும் நீண்டது. வைத்தாள். திரும்பவும் நீண்டது.

"பிள்ளைக்கும் மிச்சம் விடுங்கோ!" என்று சீறினாள்.

அடுத்து வந்த கை சின்னது. ஜெஸ்ரின் என்று நினைத்து வைத்தாள். ஆனால் அதுவும் ஈரம். அதுவும் மணல்.

அவளுடைய ஃபோன் பக்கத்தில் கிடந்து அதிர்ந்தது. இடக்கையால் எடுத்தாள்.

"மேனுஷா, ஒப்பிசில ஒருத்தரும் இல்லை." யதுசனின் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. "கேற்றடியில நிக்கிறன். இவ்வளவு நேரமும் கதவைத் தட்டிப்போட்டு..."

மீதி அவளுக்குக் கேட்கவில்லை.

"ஜெஸ்ரின். எழும்பி அம்மாட்ட வா."

"ஏலாதம்மா." பிள்ளையின் குரல் மிக மெதுவாக வந்தது. "எழும்ப இடமில்லை. சுத்திவர இருக்கினம்."

ஃபோனின் வெளிச்சத்தை மேசைப்பக்கம் திருப்பினாள்.

கைகள். மேசை விளிம்பு முழுக்கக் கைகள். ஆண் கை. பெண் கை. வளையல் போட்ட கை. குழந்தைக் கை. நெடுநாள் தண்ணீரில் ஊறி வெளிறிய கைகள். மணிக்கட்டுக்கு அப்பால் இருட்டுத்தான். நடுவில் ஜெஸ்ரின், வாயில் போட்ட சோற்றை விழுங்காமல்.

"என்ர பிள்ளையைத் தொட்டா கொன்றுபோடுவன்!"

அத்தனை நாள் கோபமும் அந்தக் கத்தலில் இருந்தது. ஒரு கைகூட அசையவில்லை. மேனுஷா சட்டிக்குள் கையை விட்டாள். வழித்தாள். அடியைச் சுரண்டினாள். விரலில் ஒன்றும் வரவில்லை.

சோறு முடிந்துவிட்டது. கைகளுக்கு அது தெரிந்தது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், அவை ஜெஸ்ரினின் பக்கம் திரும்பின.