குளத்துக் காட்சி

நேற்று அந்தக் கை ஒருமுறைதான் தண்ணீருக்கு மேலே வந்து அடங்கியது. இன்று அடங்கிய பிறகு மறுபடியும் வந்தது.

அவள் படத்தை நிறுத்தினாள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் விழுந்த கீறலையும் பூஞ்சைக் கறையையும் கணினியில் ஒவ்வொரு ஃபிரேமாகத் துடைத்து எடுப்பது அவள் வேலை. இந்தப் படத்தில் கதாநாயகி குளத்தில் மூழ்கிச் சாகும் காட்சிதான் பேர்போனது. பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள்: அடடா, என்ன நடிப்பு! வெள்ளிக்கிழமை மாலை அதை மறுபடி திரைக்குக் கொண்டுவருகிறார்கள், தெருவெல்லாம் சுவரொட்டி.

கறுப்புத் துணி கட்டி வெளிச்சத்தை அடைத்த அந்த அறையில், பழைய பிலிம் பெட்டிகளிலிருந்து எப்போதும் கிளம்புகிற புளித்த நெடிக்கு அடியில் இன்று வேறொரு வாடையும் இருந்தது. வெயிலே படாத கல்லில் பாசி மண்டிக் கிடந்தால் அடிக்குமே, அந்தக் குளிர்ந்த சேற்று வாடை. கணினியின் விசிறி ஓயும்போதெல்லாம் எங்கோ தண்ணீர் கரையில் மெல்ல மோதித் திரும்புவது போலவும் இருந்தது.

"ஏய், இங்க வந்து பாரு. நேத்து இந்தக் கை இப்படியா இருந்துச்சு?"

பக்கத்து மேசையில் தங்கை காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். ஒலியைச் சுத்தம் செய்வது அவள் பொறுப்பு.

"எனக்குக் காதுதான் வேலை. கண்ணு உன் டிபார்ட்மென்ட்," என்றாள். வழக்கமான கேலிதான், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். "நீ இதக் கேளுக்கா. மேல போட்டிருந்த இசையப் பிரிச்சு எடுத்துட்டேன். அடியில இது இருக்கு."

இரைச்சல். நீரைக் கைகள் அடிக்கும் சத்தம். அதற்கப்பால், துளியும் பதறாத ஓர் ஆண் குரல்.

"யாரும் இறங்காதீங்க. கேமரா ஓடட்டும்."

பிறகு ஒரு பெண்ணின் இருமல். மூச்சுக்குத் தவிக்கும் இருமல்.

"அவங்க நடிக்கலக்கா," என்றாள் தங்கை. "இதுக்கப்புறம் ஒரு படத்துலயும் அவங்க இல்ல. எல்லாத்தையும் தேடிட்டேன்."

அதன்பிறகு அக்காவால் அந்தக் காட்சியை விட்டு எழ முடியவில்லை. துடைக்கத் துடைக்க முகம் தெளிந்தது. கறை என்று நினைத்தது திறந்த வாய். கீறல் என்று நினைத்தது நெற்றியில் ஒட்டிய முடி. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் போராடியது. படத்தை வெளியிடுபவருக்குப் போன் போட்டு, அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"அந்தக் காட்சிக்காகத்தாம்மா கூட்டமே வருது," என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

வேறு வழி தெரியவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் செய்தாள். குளக்கரைக் கல்படி ஒன்றை வேறொரு காட்சியிலிருந்து வெட்டி எடுத்து, அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒட்டினாள். விரல் மரத்துப்போயிற்று. கண் எரிந்தது. "பிடிச்சுக்கோங்க," என்று வாய்விட்டே சொன்னாள். "தயவுசெஞ்சு பிடிச்சுக்கோங்க."

காலையில் திறந்து பார்த்தபோது குளத்தில் ஆளில்லை. கல்படியில் ஈரக் காலடிகள். கேமராவை நோக்கி. ஓடிப்போய் மூலப் பிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். அதிலும் வெறும் தண்ணீர்.

நிம்மதியில் அவள் அழுதேவிட்டாள். தங்கை தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம எதக் காட்டுறது?"

"தண்ணியக் காட்டட்டும்டி. அவங்க பொழச்சுட்டாங்கல்ல."

தங்கை வெகுநேரம் ஹெட்போனைக் கழற்றவில்லை. "இருமல் போயிடுச்சுக்கா. ஆனா அந்த ஆள் 'கேமரா ஓடட்டும்'னு இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கான்."

அந்தக் குரல் ஓயாதவரை படத்தைக் காட்டக் கூடாது என்று அவள் இரண்டு நாள் அலைந்தாள். குளத்துக் காட்சி இருக்கிற சுருளைத் தரமாட்டேன் என்றாள். பிரதி ஏற்கெனவே திரையரங்குக்குப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. தங்கை வளையல் குலுங்க அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். விளக்குகள் அணைந்தன, படம் ஓடியது, அவள் துடைத்துத் துடைத்து மீட்ட முகங்கள் பளிச்சென்று சிரித்தன, அழுதன, ஜனங்கள் கூடவே சிரித்தார்கள். அவளுக்கு எதுவும் மனதில் ஏறவில்லை, குளம் எப்போது வரும் என்ற ஒரே நினைப்பு.

வந்தது. அசையாத தண்ணீர்.

பாசி வாடை.

வரிசையில் யாரோ நடந்து வருகிறார்கள். நனைந்த துணி காலில் சப்பென்று ஒட்டிப் பிரியும் சத்தம். நின்றது. அருகில்.

இருட்டில் இடப்பக்கம் துழாவித் தங்கையின் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. பாவம், இவளும் பயந்துபோயிருக்கிறாள். இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் தண்ணீர் கலங்கியது.

ஒரு கை. பிறகு தலை. கறுப்பு வெள்ளையில், அரங்கத்தின் உயரத்துக்கு, தங்கையின் முகம்.

"அக்கா!"

தொண்டையில் தண்ணீர் புரளும் குரல். மூழ்கியது. மறுபடி வந்தது. கரையில் கல்படி இல்லை. அந்தக் கண்கள் கூட்டத்தைத் துழாவித் துழாவி இவளைக் கண்டுகொண்டன.

அவள் எழப் பார்த்தாள்.

முடியவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து ஈரமான அந்தக் கை இவள் கையை விடவில்லை. விரல் விரலாக இறுக்கியது. வளையல் இல்லாத, தோல் ஊறிச் சுருங்கிய கை.

"அக்கா! அக்கா!"

அரங்கம் மூச்சுவிடாமல் பார்த்தது. பிறகு, பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்.